பி.எஸ்சி. விலங்கியல் படித்தாலும் டாக்டர் சீட்டுக்கு வழி உண்டு! யானைக்கவுனி பெற்றோர், மாணவர்கள் கவனத்துக்கு...

சென்னை, யானைக்கவுனி:

யானைக்கவுனியில் இருந்து சென்ட்ரல் பக்கம் நடந்தால் 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி. வடக்கே போனால் ஸ்டான்லி. பெரியவங்க வாயில் இன்றைக்கும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். வேப்பேரியில் 1903-ல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி. மூன்றுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் வால்டாக்ஸ் ரோடு குடோனில் மூட்டை தூக்குகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு, அங்கே மாணவராகப் போவது ரொம்ப தூரம்.

பிளஸ்-2வில் பயாலஜி எடுத்து, நீட் மார்க் போதாமல், 'சரி, ஒரு டிகிரியாவது இருக்கட்டும்' என்று பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல் சேர்ந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி என்று தினமும் பஸ் ஏறுகிறார்கள். சேர்ந்த அன்றைக்கே டாக்டர் கனவு முடிந்தது என்று பல வீட்டில் நினைக்கிறார்கள். முடியவில்லை.

பிளஸ்-2வில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி படித்து பாஸ் செய்தவர், பி.எஸ்சி. முதல் வருஷத்தில் இருந்தாலும் சரி, டிகிரியே முடித்திருந்தாலும் சரி, நீட் எழுதலாம். டிசம்பர் 31-ந் தேதி 17 வயது நிரம்பியிருந்தால் போதும். மேல் வயது வரம்பை தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எடுத்துவிட்டது. இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே முதலில் 4 வருஷ டிகிரி, பிறகு எம்கேட் என்ற தேர்வு, அதன் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அதனால் அங்கே பயாலஜி டிகிரி படிப்பதே டாக்டருக்குத் தயாராவதுதான். நம்ம ஊரில் அப்படி இல்லை. பி.எஸ்சி.யில் எத்தனை மார்க் வாங்கினாலும் எம்.பி.பி.எஸ். ரேங்குக்கு ஒரு மார்க் கூட சேராது. ரேங்க் முழுக்க நீட் மார்க்தான்.

காலை வாருவது பிசிக்ஸ்!

2025 நீட் தேர்வில் 180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க். பயாலஜி 90 கேள்வி. பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45. சரியான பதிலுக்கு 4 மார்க், தப்புக்கு 1 மார்க் கழிப்பார்கள். கேள்வியெல்லாம் 11, 12-ம் வகுப்புப் பாடத்தில் இருந்துதான்.

பி.எஸ்சி. மாணவருக்கு இதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். செல், மரபியல், உடல் இயக்கம் எல்லாம் கல்லூரியில் தினமும் காதில் விழுகிறது. பிசிக்ஸ் புத்தகத்தைத் தொட்டு வருஷக் கணக்காகியிருக்கும்.

ஒரு கணக்கு பார்ப்போம். பயாலஜியில் 80 சரி, 10 தப்பு என்றால் 310. கெமிஸ்ட்ரியில் 25 சரி, 5 தப்பு, மீதி விட்டாச்சு என்றால் 95. பிசிக்ஸில் 15 மட்டும் சரி, மற்றதைத் தொடவில்லை, 60. மொத்தம் 465. (இதை எழுதுகிறவன் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். ரெண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன், சரிதான்.) இனி பயாலஜியில் உயிரைக் கொடுத்துப் படித்தாலும் 50 மார்க்தான் ஏறும். பிசிக்ஸில் கூட 10 கேள்வி பிடித்தாலே 40 மார்க். பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படிப்பது சுகம்தான், ரேங்க் நகராது.

இன்னொரு இடி, தேதி. 2024-லும் 2025-லும் மே முதல் ஞாயிறு நீட் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழக செமஸ்டர் தேர்வும் ஏப்ரல், மே மாதம்தான். ஹால் டிக்கெட்டுக்கு 75 சதவீத வருகைப்பதிவு வேறு வேணும். அதனால் பிசிக்ஸை ஜனவரிக்கு முன்பே முடித்து வைக்காதவர்கள் ஏப்ரலில் முழி பிதுங்குகிறார்கள்.

7.5 சதவீதம் யாருக்கு?

6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். தேர்வானால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. போன வருஷம், அதற்கு முன் வருஷம் பிளஸ்-2 முடித்தவருக்கும் இது பொருந்தும். பி.எஸ்சி. சேர்ந்ததால் இந்த உரிமை போகாது.

ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. 'சம்பளம் கவர்மெண்ட்தானே தருது, அதுவும் கவர்மெண்ட் பள்ளிதானே' என்று நம்பி கடைசி நேரத்தில் ஏமாறக் கூடாது. 6-ம் வகுப்பில் இருந்து எந்தெந்தப் பள்ளி என்று தலைமை ஆசிரியரிடம் சான்றிதழ் இப்பவே கேட்டு வாங்கி வையுங்க. பள்ளி மாறிப் படித்தவர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் அலைய வேண்டிவரும்.

கல்லூரியில் கொடுத்த ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. விஷயத்திலும் உஷார் தேவை. சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக்குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. சீட்டு கிடைத்த பிறகு ஓடாமல், கலந்தாய்வுக்கு முன்பே ஆபீசில் பேசி வைப்பது நல்லது.

நகையை அடகு வைக்கும் முன்...

'பிலிப்பைன்ஸில் முதலில் பி.எஸ். பயாலஜி, அப்புறம் எம்.டி.' என்று சொல்லி தமிழ்நாட்டுப் பிள்ளைகளை ஏஜெண்டுகள் கூட்டம் கூட்டமாக அனுப்பிய காலம் உண்டு. 2021 நவம்பர் 18-ந் தேதி தேசிய மருத்துவ ஆணையம் புது விதி போட்டது. வெளிநாட்டில் மருத்துவப் படிப்பு மட்டும் குறைந்தது 54 மாதம் இருக்கணும். பயிற்சி தனி. அப்போது அங்கே எம்.டி. 4 வருஷம், அதாவது 48 மாதம். பயாலஜி படித்த காலத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று ஆணையம் சொல்லிவிட்டது. அந்த விதிக்குப் பிறகு பழைய வழியில் சேர்ந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

வெளிநாட்டுக்குப் போனாலும் நீட் பாஸ் கட்டாயம். 'நீட் இல்லாமலே எம்.பி.பி.எஸ்.' என்று யாராவது வால்டாக்ஸ் ரோடு டீக்கடை வரைக்கும் தேடி வந்து பேசினால், டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துடுங்க.

வேறு கதவுகள்

கால்நடை மருத்துவத்தில் தமிழக ஒதுக்கீட்டு இடங்கள் 2025 சேர்க்கையிலும் பிளஸ்-2 மார்க்கில்தான் நிரம்பின. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். அப்படித்தான். பல் மருத்துவம், சித்தாவுக்கு நீட் வேணும். டிகிரியை முடித்தவர்கள் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, ஆஸ்பத்திரி நிர்வாகம், பொது சுகாதாரப் படிப்புகளுக்குப் போகலாம். மெடிக்கல் கோடிங் கம்பெனிகளும் விலங்கியல் படித்தவர்களை எடுக்கின்றன. சம்பளம் வந்ததும் நீட் புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வீட்டு வாடகை யார் கொடுப்பது?

ஒத்தை ரூம் வீட்டில் டி.வி. சத்தத்துக்கு நடுவே படிக்க முடியாதவர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் பக்கம். கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் திறந்தார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் உட்கார அங்கே இடம் உண்டு.

2025-ல் நீட் விண்ணப்பம் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை நடந்தது. கட்டணம் பொதுப்பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓ.பி.சி.க்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி.க்கு 1,000. பிரவுசிங் சென்டரில் போடும்போது செல்போன் நம்பரும் இ-மெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் நம்பரைக் கொடுத்துவிட்டால், ஹால் டிக்கெட் முதல் ரிசல்ட் வரை எல்லாத் தகவலும் ஓ.டி.பி.யும் அவர் போனுக்குத்தான் போகும்.