பக்கத்து நிலத்தில் வேலி விழுந்தால், வயலுக்குப் போக வழி உண்டா?

சம்பா நெல் தலைசாய்ந்து நிற்கிறது. அறுவடை இயந்திரம் சாலை வரை வந்துவிட்டது. ஆனால், வயலுக்குள் கொண்டுபோக வழியில்லை. முன்பக்கத்து நிலம் கைமாறி, கல்கால் நட்டுக் கம்பிவேலி போட்டாகிவிட்டது.

பூந்தமல்லி, திருமழிசை, நேமம், ஆவடி என வயலும் வீட்டுமனையும் கலந்து கிடக்கும் பகுதிகளில் இந்தச் சிக்கல் புதிதல்ல. ‘என் இடத்தில் கண்டவர்களும் நடக்கிறார்களே’ என்பது வாங்கியவரின் கவலை. ‘தாத்தா காலத்துப் பாதை போச்சே’ என்பது உள்ளே இருப்பவரின் வேதனை. இருவருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அது எந்த வகைப் பாதை என்பதைப் பொறுத்தே முடிவு அமையும்.

அரசுப் பாதையா?

முதலில் புலப்படத்தையும் (எஃப்.எம்.பி) ‘அ’ பதிவேட்டையும் பார்க்க வேண்டும். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால், அதை யாரும் வேலிக்குள் அடைக்க முடியாது. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, நோட்டீஸ் கொடுத்து அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறைக்கு உண்டு. சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் தாசில்தாரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்வது அவசியம்.

பட்டா நிலத்துப் பாதையா?

இங்கே 1882-ம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் (ஈஸ்மென்ட் சட்டம்) வருகிறது. 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையோடு பயன்படுத்திய பாதைக்கு உரிமை கோரலாம். அனுமதி கேட்டு நடந்த காலம் கணக்கில் சேராது. பாதை அடைபட்டால், 2 ஆண்டுகளுக்குள் வழக்கு போட வேண்டும்.

ஒரே நிலம் பாகப்பிரிவினையாலோ விற்பனையாலோ துண்டாகி, உட்பக்கத் துண்டுக்கு வேறு வழியே இல்லாமல் போனால், 20 ஆண்டுக் கணக்கு தேவையில்லை. ஆனால், சுற்றுவழி ஒன்று இருந்தால், ‘தூரம்’ என்ற காரணம் மட்டும் போதாது.

இன்னொன்று, நடைபாதை உரிமை டிராக்டர் பாதை உரிமையாகாது. நடந்துபோன வரப்பில் இயந்திரம் ஓட்டக் கேட்க முடியாது.

நில உரிமையாளர் செய்ய வேண்டியது

பாதையை விட்டுவிட்டு மீதி இடத்தில் வேலி போட அவருக்குத் தடையில்லை. நல்லெண்ணத்தில் வழி விடுபவர், ‘அனுமதியின்பேரில் பயன்படுத்துகிறோம்’ என்று இருதரப்பும் கையெழுத்திட்ட தாள் வைத்துக்கொண்டால், பின்னாளில் உரிமைச் சண்டை வராது.

வேலியை வெட்டலாமா?

கூடாது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, தொல்லை கொடுக்கவோ பிறர் நிலத்தில் நுழைவது, பாரதிய நியாய சன்ஹிதா 329-ம் பிரிவுப்படி 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதத்துக்கு உரிய குற்றம். வேலியைச் சேதப்படுத்தினால் தனி வழக்கும் வரும்.

தகராறு முற்றி அமைதி கெடும் நிலை வந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 166-ம் பிரிவின்கீழ் நிர்வாக நடுவரை அணுகலாம். பல இடங்களில் கோட்டாட்சியரே அந்தப் பொறுப்பில் இருக்கிறார். பாதையைக் கடந்த 3 மாதத்துக்குள் பயன்படுத்தியிருக்க வேண்டும். அறுவடைக்கு மட்டும் பயன்படும் பாதையென்றால், கடைசி அறுவடையில் பயன்படுத்தியிருந்தால் போதும். நிரந்தர உரிமையை உரிமையியல் நீதிமன்றம்தான் முடிவுசெய்யும்.

வேலி விழுந்த பிறகு அலைவதைவிட, விழும் முன்பே பத்திரத்தைப் பார்ப்பது மேல். பாகம் பிரிக்கும்போதும் விற்கும்போதும், பாதை எங்கே, எத்தனை அடி அகலம், நடக்கவா வண்டிக்கா என்று எழுதிவைத்தால், அடுத்த தலைமுறைக்குச் சண்டை இல்லை.