சுபாரு டர்போ இன்ஜின்: பிரித்தலும் கட்டலும்

பெட்ரோல் இன்ஜின் எவ்வளவு ஆற்றல் தரும் என்பது, அதன் உருளைகளுக்குள் ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு காற்று நுழைகிறது என்பதைப் பொறுத்தது. காற்று கூடினால்தான் எரிபொருளையும் அதற்கேற்பக் கூட்டி எரிக்க இயலும். வீணாக வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டே உள்ளே செல்லும் காற்றை அழுத்தலாம் என்ற கருத்துக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். புகையால் சுழலும் ஒரு சக்கரமும், அதே அச்சின் மறுமுனையில் அமர்ந்து காற்றை அழுத்தும் இன்னொரு சக்கரமும் கொண்ட இன்றைய டர்போசார்ஜர் அக்கருத்தின் வழிவந்ததே. ஆனால் அழுத்தப்பட்ட காற்று சூடாகும். மிகுந்த சூட்டில், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேர்வதற்கு முன்பே உருளையின் ஓரத்தில் எஞ்சியுள்ள கலவை தானாக வெடித்துவிடும். 'நாக்கிங்' எனப்படும் இத்தட்டல் டர்போ இன்ஜினின் முதன்மையான பகை. 1962இல் டர்போவுடன் சந்தைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரில், இதை அடக்குவதற்காகவே தண்ணீரும் மெத்தனாலும் கலந்த நீர்மத்தைத் தனித்தொட்டியில் நிரப்ப வேண்டியிருந்தது.

இப்பகையால் அதிகம் அடிபட்ட இன்ஜின்களுள் ஒன்று, 2004 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ காரில் இடம்பெற்ற சுபாருவின் இ.ஜே. 257. உருளைகள் இரண்டிரண்டாக எதிரெதிர்த் திசையில் படுத்திருக்கும் 'பாக்ஸர்' வகையைச் சேர்ந்த இந்த நான்கு உருளை இன்ஜினின் கொள்ளளவு 2,457 கன சென்டிமீட்டர். உருளையின் விட்டம் 99.5 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தொலைவு 79 மில்லிமீட்டர். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாங்குவதற்காகப் பள்ளங்களுக்கு இடையே விடப்பட்ட மெல்லிய உலோக வரம்புகள் தட்டலின் அதிர்ச்சியால் விரிசல் கண்டு உடைவது, ஆற்றல் கூட்டப்பட்ட இவ்வகை இன்ஜின்களில் பலரும் அறிந்த கோளாறு. வரம்பு உடைந்த உருளையில் அழுத்தம் நிற்காது. எண்ணெய் எரிந்து நீலப்புகை வரும்.

தொழிற்சாலையிலிருந்து வரும் பிஸ்டன், சிலிக்கன் மிகுந்த அலுமினியக் கலவையை உருக்கி வார்த்தது. சிலிக்கன் மிகுந்தால் பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியாது, தேய்மானமும் குறையும். ஆனால் உலோகம் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். மறுகட்டுமானத்தில் இதற்கு மாற்றாக இடப்படுவது, சூடேற்றிய அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அச்சில் அடித்து உருவாக்கிய 'ஃபோர்ஜ்டு' பிஸ்டன். இதிலும் இரு கலவைகள் உண்டு. சுமார் 12 விழுக்காடு சிலிக்கன் கொண்ட 4032 கலவை குறைவாக விரியும், அமைதியாக ஓடும். சிலிக்கன் ஏறத்தாழ இல்லாத 2618 கலவையோ அடி தாங்கி, உடைவதற்குப் பதில் வளைந்துகொடுக்கும். ஆனால் சூட்டில் நிறைய விரியும் என்பதால் உருளைச் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே கூடுதல் இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் பிஸ்டன் ஆடி எழுப்பும் தட்டொலி குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் கேட்கும், சூடேறியதும் அடங்கும். புதிதாகக் கட்டிய இன்ஜினில் இவ்வொலியைக் கேட்டுக் கலங்குவோர் பலர். இது கோளாறன்று, வலிமைக்குக் கொடுக்கும் விலை.

ரிங்கின் இரு முனைகளுக்கிடையே விடும் இடைவெளி பார்வைக்கு அற்பமானது, ஆனால் இன்ஜினின் ஆயுளையே தீர்மானிக்க வல்லது. டர்போவின் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் ஒன்றையொன்று முட்டினால், அது சுவரைக் கீறுவதோடு, உடையாது எனக் கருதி வாங்கிய பிஸ்டனின் வரம்பையும் பெயர்த்துவிடும். ஆகவே ஒவ்வொரு ரிங்கையும் அதற்குரிய உருளைக்குள் இறக்கி, இடைவெளியை அளந்து, தேவைப்பட்டால் முனையை அரத்தால் அராவி, மீண்டும் அளக்க வேண்டும். சுமார் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்கு இந்த இடைவெளி அரை மில்லிமீட்டரை ஒட்டி அமையும்.

பிஸ்டனைக் கிராங்க் தண்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் நிலை வேறு. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் பிஸ்டன் மேல்முனையில் நின்று திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் இரண்டாயிரம் மடங்கு. அந்த இழுவிசை முழுவதையும் தாங்குவது ராடும் அதன் இரு போல்ட்டுகளும்தான். குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த 4340 எஃகு ராடுகள் அதற்காகவே இடப்படுகின்றன. போல்ட்டை முறுக்கும் விசையைவிட, முறுக்கும்போது அது எவ்வளவு நீள்கிறது என்று அளப்பதே நம்பகமான முறை, ஏனெனில் மரையில் உள்ள உராய்வு முறுக்குவிசையின் கணக்கை ஏமாற்றிவிடும்.

இ.ஜே. இன்ஜினின் உடற்பகுதி செங்குத்தாக இரு பாதிகளாகப் பிரிவதால், அதைக் கோக்கும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. ராடுகள் பூட்டிய கிராங்கை ஐந்து பேரிங்குகளில் கிடத்தி, இரு பாதிகளையும் பசையிட்டு இறுக்கிய பின்னரே பிஸ்டன்கள் வெளிப்புறத்திலிருந்து உருளைக்குள் இறங்கும். ராடையும் பிஸ்டனையும் பிணைக்கும் ஊசியை, உடற்பகுதியின் முன்னும் பின்னும் உள்ள துளைகள் வழியே நீட்டிச் செருக வேண்டும். ஒரு சிறு பூட்டுவளையம் உள்ளே தவறி விழுந்தாலும் மீண்டும் பிரிப்பதைத் தவிர வழியில்லை. உருளைச் சுவரைத் தீட்டும்போது, உருளைகளை மூடும் ஹெட் இருக்கும் இடத்தில் கனத்த இரும்புத் தட்டு ஒன்றைப் பூட்டி இறுக்கிக்கொள்வது வழக்கம். ஹெட்டை இறுக்கியதும் சுவர் எவ்வாறு நெளியுமோ அந்த நெளிவிலேயே அதை வட்டமாகத் தீட்டுவதற்கு இது உதவுகிறது. முந்தைய இன்ஜினில் பேரிங் தேய்ந்திருந்தால், அதன் உலோகத்துகள் எண்ணெய்க் குளிர்விப்பானில் தங்கியிருக்கும் என்பதால் அதைக் கழுவி மறுபடி பூட்டுவதைவிடப் புதியதை வாங்குவதே மேல்.

இவ்வளவு செய்தும், வலுவான உதிரிகள் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனைக்கூடத் தாமாகக் கூட்டித் தருவதில்லை. தாங்கும் எல்லையைத் தள்ளிவைப்பதோடு அவற்றின் பணி முடிகிறது. காற்றும் பெட்ரோலும் முழுமையாக எரிவதற்குரிய 14.7க்கு 1 என்ற எடை விகிதத்தை, டர்போ அழுத்தம் ஏறும் வேளையில் 11க்கு 1 என்ற அளவை ஒட்டி வளமாக்குவதும், தீப்பொறி விழும் நேரத்தைத் தேவைக்கேற்பப் பின்தள்ளுவதும் இன்ஜின் கணினியின் பொறுப்பு. அந்த அமைப்பு பிழைபட்டால் எந்தக் கலவைப் பிஸ்டனும் நெடுநாள் நிற்காது. தொழிற்சாலை ஆற்றலில் அன்றாடச் சாலைப் பயணத்துக்கு மட்டும் ஓடும் காருக்கு 2618 பிஸ்டன் மிகை. அங்கே 4032 போதும், மிஞ்சும் பணம் துல்லியமான கடைசல் வேலைக்கும் கணினி அமைப்புக்கும் போகட்டும்.