முதலில் டாங்கைப் பாருங்கள்

கரையிலிருந்து மூன்று மைல் தூரம் சென்றபின், படகின் பின்புறம் மாட்டியிருக்கும் யந்திரம் இரண்டு முறை விக்கி நின்றுபோனால், படகில் இருப்பவர்களுக்கு உண்டாகும் கலக்கம் சாலையில் மோட்டார் சைக்கிள் நின்றவனுக்கு உண்டாகாது. அவன் இறங்கி வண்டியைத் தள்ளலாம், இவர்களோ நீரோட்டமும் காற்றும் இழுத்த திசையில் போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான். சில ஆண்டுகளுக்கு முன் பாம்பன் பக்கத்தில் ஒரு ஃபைபர் படகில் போனபோது அந்தக் கலக்கத்தை நானும் அநுபவித்தேன். படகை ஓட்டிய இளைஞன் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோர்ந்து, பிளக்கைக் கழற்ற ஸ்பானரைத் தேடினான். அணியத்தில் இருந்த முதியவர் எழுந்து வந்து, "பிளக்கு கிடக்கட்டும் தம்பி, முதல்ல டாங்கு மூடியைப் பாரு" என்றார். மூடியின் மேலிருந்த சிறு திருகை அவர் இரண்டு சுற்றுச் சுற்றியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. ஒட்டிப்போயிருந்த டாங்கின் பக்கங்கள் படக்கென்று நிமிர்ந்தன.

எரிபொருள் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். கரையில் வைக்கும்போது ஆவி வெளியேறாமலிருக்க மூடும் அத்திருகைப் புறப்படும்போது திறக்க மறந்தால், யந்திரம் சிறிது தூரம் நன்றாகவே ஓடி, உள்ளே வெற்றிடம் மிகுந்ததும் நின்றுவிடும்.

திருகு திறந்திருந்தும் யந்திரம் ஓடாவிட்டால், டாங்குக்கும் யந்திரத்துக்கும் நடுவே டியூபில் இருக்கும் ரப்பர் பல்பைக் கையில் எடுக்க வேண்டும். வைத்தியன் நாடி பார்ப்பதைப்போல் வியாதியை அறிவதற்கு அதைவிடச் சிறந்த சாதனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். அதன் மேலுள்ள அம்புக்குறி யந்திரத்தை நோக்கியிருக்க வேண்டும். அந்த முனையை மேலாகப் பிடித்து அமுக்கினால், கார்புரேட்டர் நிறைந்ததும் பல்பு கல்போல் இறுகும். அமுக்கிய பல்பு தட்டையாகவே கிடந்து மெதுவாக எழும்பினால், டாங்கின் பக்கம் அடைப்பு என்று அர்த்தம். எத்தனை முறை அமுக்கினாலும் இறுகவில்லையென்றால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது: டியூப் வெடித்திருக்கலாம், இணைப்பிலுள்ள சிறு ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம், பல்புக்குள் இருக்கும் வால்வே கெட்டிருக்கலாம். கார்புரேட்டரின் ஊசி மூடாமல் எரிபொருள் வழிந்தோடினாலும் பல்பு இறுகாது. அப்போது பெட்ரோல் வாடையே காட்டிக்கொடுக்கும். இவை ஒன்றும் இல்லாமல், ஓடும் யந்திரம் தளரும்போதெல்லாம் பல்பை அமுக்கியதும் உயிர் பெறுமானால், யந்திரத்தின் பம்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறதென்று பெரும்பாலும் சந்தேகிக்கலாம்.

வழி சரியாக இருந்தும் சரக்கு கெட்டிருப்பதுண்டு. வடிகட்டியில் தங்கியதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வைத்தால், தண்ணீர் அடியில் தனியே நிற்கும். இக்காலப் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் சுபாவமுடையது. ஈரம் அளவுக்கு மிஞ்சினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து நீருடன் அடியில் தங்கிவிடும். இரண்டு மூன்று மாதம் ஓடாமல் கிடந்த யந்திரத்தில் பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்ணிய துவாரத்தை அடைக்கும். அதைக் கம்பியால் குத்தலாகாது, துவாரம் பெரிதாகிவிடும். அதற்குரிய திரவத்தில் கழுவிக் காற்றால் ஊத வேண்டும்.

இவ்வேலைகளைச் செய்யும் இடத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் படகின் அடிப்பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி நிற்கும். தூக்கிச் செல்லும் டாங்கைக் கரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும்.

படகு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்புடன் கூடிய டியூப் ஒன்றும், இணைப்புக்கான ரப்பர் வளையங்கள் இரண்டும், ஒரு வடிகட்டியும் உப்புநீர் படாத பெட்டியில் எப்போதும் படகிலேயே இருக்கட்டும். கயிற்றை இழுப்பதற்கு முன் டாங்கு மூடியின் திருகை ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.