குத்தாத ஊசி

ஸ்கேன் நார்மல். ரத்தப் பரிசோதனை நார்மல். கொலோனாஸ்கோபியும் பார்த்தாயிற்று, அதுவும் நார்மல். ஆனால் காலையில் பஸ் பிடிக்கக் கிளம்பும் நேரம் பார்த்து வயிற்றைக் கலக்குகிறது. மூன்று தரம் போய் வந்தும் முழுதாகப் போன திருப்தி இல்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும் முன்பே கழிவறை எந்தப் பக்கம் என்று விசாரித்து வைத்துக்கொள்கிறவர் நம் எல்லார் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். டாக்டர்கள் இதை ஐ.பி.எஸ். என்று எழுதுகிறார்கள். குடலில் புண் கிடையாது, கட்டி கிடையாது. குடல் அசைகிற விதமும், அது மூளைக்கு அனுப்பும் சேதியும்தான் தாறுமாறாகக் கிடக்கின்றன. உயிருக்கு ஆபத்தில்லாத வியாதி என்பதால் வீட்டில் அனுதாபமும் கிடைப்பதில்லை.

இவர்கள் பார்க்காத வைத்தியம் இருக்காது. அந்த வரிசையில் என்றாவது ஒருநாள் அக்குபங்சரும் வந்து சேரும். நாட்பட்ட குடல் தொல்லைக்கு அது வேலை செய்கிறதா என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவமனைகளில் சோதித்துப் பார்க்கிறார்கள். சோதனைக்காகவே ஒரு கருவியும் செய்யப்பட்டது. உடம்புக்குள் போகாத ஊசி அது. எனக்கு அசல் ஊசியைவிட இந்தப் போலி ஊசியின் கதைதான் சுவாரசியமாகப் படுகிறது.

முதலில் அசலைப் பார்த்துவிடுவோம். ரத்தம் எடுக்கும் ஊசியின் தடிமன் சுமார் 0.8 மில்லிமீட்டர். அக்குபங்சர் ஊசி பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர்தான். உள்ளே துளை இல்லை. துருப்பிடிக்காத எஃகில் ஆன கம்பி, பிடிப்பதற்குச் சுருள் சுற்றிய கைப்பிடி, அவ்வளவுதான். இத்தனை மெல்லிய கம்பியை நேராக அழுத்தினால் வளைந்துகொள்ளும். அதனால் பலர் சிறு குழாய்க்குள் ஊசியை விட்டு, தோலின் மேல் நிறுத்தி, தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். இந்தக் குழாய் முறையைப் பரவலாக்கியவர் 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் வாழ்ந்த சுகியாமா வாய்ச்சி. அவருக்குக் கண் பார்வை இல்லை.

வயிற்றுக் கோளாறுக்கு அதிகம் குத்தப்படும் இடம் வயிற்றில் இல்லை, காலில் இருக்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் இறங்கி, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம் நகர்ந்தால் வரும் சதைப்பற்றான இடம் அது. சீனத்தில் சூசான்லி என்பார்கள். விரல் என்றால் நோயாளியின் விரல். ஆள் குட்டையாக இருந்தால் அளவும் குறையும். ஊசி உள்ளே போனதும் வைத்தியர் அதை மெல்லத் திருகுவார். அப்போது சுருக்கென்ற வலி வரக் கூடாது. மந்தமான ஒரு கனம், மரத்துப்போவது போன்ற ஒரு இழுப்பு, சிலருக்குப் பாதம் வரை இறங்கும். அது வந்தால்தான் ஊசி சரியான இடத்தைத் தொட்டது என்பது மரபு. முகத்தில் தொடங்கி, மார்பு வயிறு வழியாகக் கால் விரல் வரை ஓடும் இரைப்பைப் பாதை ஒன்று இருக்கிறது, அதில் ஓடும் உயிராற்றலை இந்த ஊசி சீராக்குகிறது என்பது மரபு சொல்லும் காரணம். அறுத்துப் பார்த்தவர்கள் யாரும் அப்படி ஒரு பாதையைக் கண்டதில்லை.

இந்தக் காலூசியை அமெரிக்காவுக்கு அறிமுகம் செய்ததும் ஒருவருடைய வயிறுதான். 1971 ஜூலையில் சீனா போயிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் வீங்கி, பீகிங்கில் அறுவை சிகிச்சை நடந்தது. ஊசி குத்தியே மயக்கி அறுத்தார்கள் என்று ஒரு கதை இன்றைக்கும் உலவுகிறது. அது தவறு. வழக்கமான மரத்துப்போகும் மருந்தைத்தான் கொடுத்தார்கள். அறுவைக்குப் பிறகு வயிறு உப்பி அவதிப்பட்ட இரவில்தான் ஊசி வந்தது. வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மூன்று ஊசிகள், கூடவே வயிற்றருகே மூலிகையைக் கொளுத்திக் காட்டிய சூடு. ஒரு மணி நேரத்தில் உப்புசம் இறங்கியது, திரும்ப வரவில்லை என்று எழுதினார். கட்டுரை ஜூலை 26 அன்று வெளியானது, அமெரிக்காவே பேசியது. ஆனால் அறுவைக்குப் பிந்திய வாயு பெரும்பாலும் தானாகவும் இறங்கிவிடும். ரெஸ்டனுக்கு இறங்கியது ஊசியாலா, நேரத்தாலா?

ஐ.பி.எஸ். விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. அது ஒரு மாதம் படுத்தும், அடுத்த மாதம் சும்மா இருக்கும். ரொம்பப் படுத்தும்போதுதான் ஆள் வைத்தியரிடம் போகிறார், பிறகு அது தன் போக்கில் தணியும்போது பெயர் வைத்தியத்துக்குப் போகிறது. மாத்திரை என்றால் பிரச்சினை இல்லை: பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுவிடலாம். ஊசி குத்தியதாக ஒருவரை எப்படி நம்ப வைப்பது?

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கொன்ராட் ஸ்ட்ரைட்பெர்கர் என்ற மருத்துவர் 1998இல் இதற்கு வழி சொன்னார். அவருடைய ஊசியின் முனை மழுங்கல். தோலில் வைத்து அழுத்தினால், நாடக மேடையில் குத்தும் கத்தி பிடிக்குள் நழுவுவதைப் போல, ஊசித்தண்டு கைப்பிடிக்குள் போய்விடும். வெளியே தெரியும் நீளம் குறைவதால் உள்ளே இறங்கிவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பார். சாயாமல் நிற்கத் தோலின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம், அதன் மேல் ஒரு பிளாஸ்திரி. அசல் ஊசிக்கும் இதே வளையம், இதே பிளாஸ்திரி. மழுங்கிய முனை தோலில் பட்டுக் குத்துவது போன்ற உணர்வும் வந்துவிடுகிறது. ஏமாறாதவர் ஒருவர் மட்டும் உண்டு: குத்துகிற வைத்தியர். அவருடைய கைக்குத் தெரிந்துவிடும்.

இந்த வகை ஊசியை வைத்து பாஸ்டன் நகரில் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கப்ட்சுக் குழு நடத்திய சோதனையின் முடிவு 2008இல் வெளிவந்தது. 262 ஐ.பி.எஸ். நோயாளிகள், மூன்று குழுக்கள். முதல் குழுவுக்கு எதுவும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது குழுவுக்கு மூன்று வாரம், வாரம் இருமுறை போலி ஊசி. வைத்தியர் வந்து, உங்கள் விவரம் படித்துவிட்டேன், பேசக் கூடாதென்று உத்தரவு என்று சொல்லி, ஐந்து நிமிடத்தில் முதல் சந்திப்பை முடித்துவிடுவார். மூன்றாவது குழுவுக்கும் அதே போலி ஊசிதான். ஆனால் முதல் சந்திப்பு முக்கால் மணி நேரம். வயிறு என்ன செய்கிறது, அதனால் வேலை, வீடு என்ன ஆகிறது என்று கேட்பார். சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். நாடி பிடித்தபடி இருபது விநாடி யோசனையோடு மௌனமாக இருப்பது உட்பட எல்லாமே முன்கூட்டி எழுதிவைத்தபடி நடந்தது.

மூன்று வாரம் கழித்து, போதுமான நிவாரணம் கிடைத்ததா என்று கேட்டார்கள். காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பேசாத வைத்தியரின் போலி ஊசிக்கு 44 சதவீதம். பேசிய வைத்தியரின் போலி ஊசிக்கு 62. ஒரு ஊசிகூட ஒருவர் உடம்புக்குள்ளும் போகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த 62ஐ இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.

அதே வட்டாரத்து ஆய்வாளர்கள் மறு வருடம் வெளியிட்ட முடிவில் 230 பேருக்கு அசலையும் போலியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்திருந்தார்கள். அசலுக்கு 41 சதவீதம், போலிக்கு 32. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் என்று புள்ளியியல் தள்ளிவிட்டது. இங்கிலாந்தின் யார்க்கிலிருந்து 2012இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒருமுறை வீதம் பத்து அமர்வு ஊசியும் பெற்றவர்கள் ஓரளவு தேறினார்கள். ஆனால் அங்கே போலி ஊசியே கிடையாது. தேற்றியது ஊசியா, வாரா வாரம் ஒருவர் அக்கறையாகக் கவனித்ததா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. ஐ.பி.எஸ்.ஸைப் பொறுத்தவரை எனக்குத் தோன்றுவது இதுதான்: நிவாரணம் உண்மை, அதில் ஊசிமுனையின் பங்கு சின்னது. இப்படிச் சொன்னால் அக்குபங்சர்காரர்களுக்குக் கோபம் வரும். என்னைக் கேட்டால், கோபப்பட வேண்டியவர்கள் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் ஒதுக்கும் நம்முடைய வெளிநோயாளிப் பிரிவுகள்.

அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று இருக்கும்போது 2016இல் சீனாவிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. நோய் வேறு: கடுமையான, நாட்பட்ட மலச்சிக்கல். 15 மருத்துவமனைகள், 1,075 பேர், எட்டு வாரத்தில் 28 அமர்வுகள். வயிற்றிலும் காலிலும் ஆழமாகக் குத்தி, ஊசிகளில் லேசான மின்சாரம் விட்டார்கள். மற்ற குழுவுக்கு அக்குபங்சர் புள்ளி இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தி, கருவியைப் பொருத்தினாலும் மின்சாரம் விடவில்லை. வாரத்துக்கு மூன்று முறையாவது, மலமிளக்கி இல்லாமல், முழுதாகப் போன திருப்தியோடு மலம் கழித்தவர்கள் அசல் குழுவில் 31 சதவீதம், மற்றதில் 12 சதவீதம். சிகிச்சையை நிறுத்திய பிறகும் மூன்று மாதத்துக்கு அந்த இடைவெளி குறையவில்லை. இவ்வளவு பேரை வைத்துச் செய்ததில் இது தற்செயல் என்று ஒதுக்க முடியாது. அதே சமயம், அசல் குழுவிலேயே மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அந்த அளவு பலன் கிட்டவில்லை. வென்றது பழைய புள்ளியா, ஆழமா, மின்சாரமா என்பதும் அந்த ஆய்வில் பிரியவில்லை.

மின்சாரத்தைச் சந்தேகிக்கக் காரணம் உண்டு. குடல் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையிலிருந்து வேகஸ் என்ற நீண்ட நரம்பு இறங்கி அவற்றோடு பேசுகிறது. 2021இல் ஹார்வர்டின் ச்சியூஃபு மா குழு, எலியின் பின்னங்காலில் சூசான்லி இருக்கும் இடத்தில் மிகச் சிறிய மின்சாரம் செலுத்தியது. வேகஸ் தூண்டப்பட்டு, அட்ரினல் சுரப்பி வேலை செய்து, உடம்பில் அழற்சி குறைந்தது. அதே மின்சாரத்தை எலியின் வயிற்றுப் புள்ளியில் கொடுத்தால் இது நடக்கவில்லை. காரணம், கால் எலும்பை ஒட்டிய ஆழமான சவ்வில் ஓடும் ஒருவகை உணர்நரம்புகள். வயிற்றுச் சவ்வில் அவை இல்லை. ஆக, குறிப்பிட்ட இடத்தில் குத்தினால்தான் பலன் என்ற பழைய கூற்றுக்கு முதல்முறையாக ஒரு நரம்பு வரைபடம் கிடைத்தது. ஆனால் அது எலி, அந்த அழற்சியும் கிருமி நச்சைச் செலுத்தி உண்டாக்கியது. மனிதக் குடலுக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

நம் ஊரில் நிலவரம் வேறு மாதிரி. சீனாவில் கற்றுத் திரும்பிய டாக்டர் பி.கே. பாசு 1959இல் கல்கத்தாவில் தொடங்கிவைத்த இந்த வைத்தியத்தை மத்திய அரசு 2019இல் தனி முறையாக அங்கீகரித்தது. தமிழ்நாட்டில் இன்று நிறையப் பேர் பார்ப்பது ஊசியே இல்லாத அக்குபங்சர்: நாடி பார்த்து, ஒரு புள்ளியில் விரலை வைத்து எடுப்பது. மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அதைப் பற்றியவை அல்ல. ஊசிக்குக் கிடைத்த எண்களை விரலுக்குக் காட்டக் கூடாது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, எந்த மருந்தும் வேண்டாம் என்று அங்கே சிலர் சொல்லி அனுப்புவது.

ஐ.பி.எஸ்.ஸாக இருந்தால் மருந்தை விடுவதால் பெரிய விபரீதம் நடந்துவிடாது. ஐ.பி.டி. அப்படியல்ல. பெயர்தான் ஏறக்குறைய ஒன்று. க்ரோன் நோயிலும் அல்சரேடிவ் கொலைடிஸிலும் குடலில் நிஜமாகவே புண் இருக்கிறது; அது ரத்தம் கசியும், குடலைச் சுருக்கி அடைக்கும், ஓட்டை போடும். ஷாங்காயில் 66 க்ரோன் நோயாளிகளிடம் ஊசியும் மூலிகைச் சூடும் சேர்த்துப் பன்னிரண்டு வாரம் செய்து, போலியைவிட நல்ல பலன் என்று 2022இல் அறிவித்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டிய சேதிதான். ஆனால் 66 பேரை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்த முடியாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் கொலோனாஸ்கோபி, பிறகுதான் ஊசி.

அதெல்லாம் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு போகிறவர்கள், சீல் வைத்த பொட்டலத்தைக் கண்ணெதிரே பிரித்து ஊசி எடுக்கிறார்களா, குத்திய ஊசியை அப்போதே குப்பைக்கு அனுப்புகிறார்களா என்று பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முன்பே சொல்லிவிட வேண்டும். யார்க்கில் பத்து அமர்வு, சீனாவில் எட்டு வாரம். அந்த அளவு போயும் வயிறு அப்படியே இருந்தால், இன்னும் ஆறு மாதம் வந்தால் சரியாகும் என்று சொல்லப்படுவதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.