துர்துக் மலைச் சிற்றூர் புகட்டும் பாடம்

திருக்குர்ஆன், மனிதனைப் பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் ஏவுகின்றது. பார்ப்பது எதற்காக? கண்ணுக்கு விருந்தாக மட்டும் அன்று. முன்னோர் வாழ்ந்து மறைந்த தடங்களைக் கண்டு உள்ளம் படிப்பினை பெறுவதற்காகவே. ஆயின், இன்று நாம் மேற்கொள்ளும் பயணங்கள் எத்தகையவை? கோடை விடுமுறை வந்தால் உதகை, கொடைக்கானல். கையில் சற்று வசதி கூடினால் ஸ்ரீநகர், குல்மர்க். ஏரியில் படகுச் சவாரி, பனியில் சற்று நேர விளையாட்டு, சில புகைப்படங்கள், பிறகு ஊர் திரும்பிவிடுகின்றோம். அவ்வூர் மக்கள் யார், அவர்கள் தொழும் பள்ளிவாசல் எது, அவர்தம் இன்ப துன்பங்கள் யாவை என்று கேட்டறிந்து வருவோர் மிகச் சிலரே.

அன்பார்ந்த வாசகர்களே! நம்மவர் அதிகம் சென்றறியாத லடாக் மலைநாட்டின் சில இடங்களுக்கு இவ்வாரம் உங்களை அழைத்துச் செல்ல விழைகின்றேன். அவற்றுள் கடைசியாக வரும் துர்துக் என்னும் சிற்றூர், நம் வீட்டு வாசலிலேயே நாம் மறந்துவிட்ட கடமை ஒன்றை நினைவூட்ட வல்லது.

வணிகர் நடந்த வழி

ஸ்ரீநகரிலிருந்து கிழக்கே செல்லும் பாதை, 11,575 அடி உயரமுள்ள ஸோஜி கணவாயைக் கடந்து, கடுங்குளிருக்குப் பெயர்பெற்ற திராஸ் வழியாகக் கார்கில் நகரை அடைகின்றது. கார்கில் என்றதும் 1999ஆம் ஆண்டின் போர்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், அதற்கு நெடுங்காலம் முன்பே அது வணிகர்கள் கூடும் நாற்சந்தியாக விளங்கிற்று. ஸ்ரீநகர், லே, ஸ்கர்து, ஸன்ஸ்கார் ஆகிய நான்கு திசை வழிகளும் அங்கேதான் சந்தித்தன. முன்ஷி அஸீஸ் பட் என்னும் வணிகர் 1920இல் அங்கு ஒரு வணிகச் சத்திரத்தைக் கட்டினார். அதில் எஞ்சிக்கிடந்த கம்பளங்கள், குதிரைச் சேணங்கள், பழைய கடிதங்கள் முதலியவற்றைத் திரட்டி, அவர் பெயரால் இன்று ஓர் அருங்காட்சியகம் நடைபெறுகின்றது. பெரும்பாலான பயணிகள் கார்கிலில் ஓரிரவு தங்கி விடியலில் புறப்பட்டுவிடுகின்றனர். நீங்கள் அவ்வாறு செய்யாமல் அரைநாளேனும் அங்கே செலவிடுங்கள்.

அடுத்து லே நகரம். அதன் கடைவீதியின் தலைமாட்டில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜாமிஆ பள்ளிவாசல் நிற்கின்றது. அதற்கு மேலே மலைமீது பழைய அரண்மனை நிற்கின்றது. அவ்வரண்மனையை எழுப்பிய பௌத்த மன்னர் ஸெங்கே நம்கியாலின் தாயார், பல்தி அரச குலத்தில் பிறந்த கியல் காத்தூன் என்னும் முஸ்லிம் பெண்மணி என்பது ஈண்டு நோக்கத்தக்கது. லேயிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஷே என்னும் ஊரில் ஒரு சிறு பள்ளிவாசல் உள்ளது. ஹமதானில் 1314இல் பிறந்து காஷ்மீரில் தீன் பரப்பிய மகான் மீர் ஸையித் அலீ ஹமதானி (ரஹ்) அவர்களின் பெயரோடு அதனை அவ்வட்டார மக்கள் போற்றி வருகின்றனர். ஒரு காலத்தில் யார்கந்து முதலிய மத்திய ஆசிய நகரங்களிலிருந்து புறப்பட்ட ஹாஜிகளுள் சிலர், காரகோரம் மலைகளைக் கடந்து லே வந்து, இங்கிருந்து பம்பாய் சென்று கப்பலேறினர். ஹஜ்ஜுக்காக அவர்கள் எத்தனை மாதம் பனியில் நடந்தனர் என்று எண்ணிப் பாருங்கள்! சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கிவிடும் நமக்கு அது வெட்கத்தைத் தர வேண்டாமா?

கர்துங் கணவாய்க்கு அப்பால்

லே ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் உள்ளது. விமானத்தில் சென்று இறங்குவோர் முதல் இரண்டு நாட்கள் நடையைக் குறைத்து ஓய்வெடுத்தல் அவசியமாகும். தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் கண்டும் பொருட்படுத்தாமல் மேலும் உயரம் ஏறுவது உயிருக்கே ஆபத்தாகலாம். இதயம், நுரையீரல் நோயுள்ள பெரியவர்கள் மருத்துவரின் யோசனையின்றிப் புறப்படலாகாது. உடல் அல்லாஹ்வின் அமானிதம் என்பதைப் பயணத்திலும் மறத்தல் கூடாது.

உடல் பழகிய பின் வடக்கே புறப்பட்டால், 17,582 அடி உயரமுள்ள கர்துங் கணவாய் எதிர்ப்படும். நபித் தோழர்கள் பயணத்தில் மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லி வந்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கின்றோம். அந்தச் சுன்னத்தின் சுவையை அறிய விரும்புவோர் இக்கணவாயில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். உச்சியில் நிற்கும்போது மனிதன் எவ்வளவு சிறியவன் என்பது சொல்லாமலே விளங்கும்.

கணவாயை இறங்கினால் நுப்ரா பள்ளத்தாக்கு. அங்கே திஸ்கித், ஹுந்தர் ஆகிய ஊர்கள் உள்ளன. ஹுந்தரின் மணல்மேடுகளில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் மேய்கின்றன. அவை பண்டைய வணிகக் கூட்டங்கள் விட்டுச்சென்ற வழித்தோன்றல்கள். பயணிகளுள் பெரும்பாலோர் ஒட்டகச் சவாரி முடித்து இவ்விடத்தோடு திரும்பிவிடுவர். நீங்கள் திரும்ப வேண்டாம். ஷியோக் ஆற்றின் கரையோடு மேற்கே செல்லுங்கள். மலைகள் நெருங்கி வரும். வழியில் போக்தாங் என்னும் ஊர் வரும். லேயிலிருந்து ஏறத்தாழ 205 கிலோமீட்டர் கடந்ததும் துர்துக் வரும்.

பாறையும் மணலுமாகக் கண்ட கண்களுக்கு அவ்வூரின் பசுமை பெருவியப்பைத் தரும். கல் பாவிய குறுகிய சந்துகள். அவற்றின் ஓரமாக மலையருவியிலிருந்து வெட்டிக் கொணர்ந்த வாய்க்கால்கள். மதிலுக்கு மேலே காய்த்துத் தொங்கும் ஆப்ரிகாட் மரங்கள். ஒரே நிலத்தில் முதலில் பார்லியும், அதை அறுத்தபின் பக்வீட் என்னும் தானியமும் விளைவிக்கின்றனர். கோடையில் வெண்ணெயும் இறைச்சியும் கெடாதிருக்க, பாறைகளுக்கிடையே வரும் குளிர்காற்றைப் பயன்படுத்திக் கல்லறைகள் அமைத்துள்ளனர். மின்சாரமில்லாத இக்குளிர்பெட்டிகளைக் கண்டு, படைத்தவன் மனிதனுக்கு அளித்த அறிவை எண்ணிப் புகழாதிருக்க இயலாது. மரத்தூண்களும் சித்திர வேலைப்பாடும் கொண்ட பழைய பள்ளிவாசல் ஒன்றும், யப்கோ வம்சத்து மன்னர்களின் மாளிகையும் அங்கு உள்ளன. மக்கள் பேசுவது பல்தி; அது திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உருது அறிந்தோரும் பலர் உண்டு.

ஒரே போரில் மாறிய எல்லை

1947–48ஆம் ஆண்டுப் போருக்குப் பின், பல்திஸ்தானின் பகுதியாகிய துர்துக் பாகிஸ்தான் வசம் இருந்தது. 1971 டிசம்பரில் நடந்த போரில் மேஜர் செவாங் ரிஞ்சென் தலைமையில் சென்ற படையினர் துர்துக், தியாக்ஷி, சலுங்கா, தாங் ஆகிய நான்கு கிராமங்களை இந்தியாவின் வசமாக்கினர். அடுத்த ஆண்டு சிம்லா உடன்படிக்கை கையெழுத்தாகி, கட்டுப்பாட்டுக் கோடு வரையப்பட்டது. கிராமங்கள் இடம் பெயரவில்லை, நாடு மாறிற்று.

அந்நாளில் பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஸ்கர்து, கப்லு முதலிய ஊர்களுக்குச் சென்றிருந்தோர் அங்கேயே நின்றுவிட்டனர். கணவன் ஒரு புறம், மனைவி ஒரு புறம். பெற்றோர் ஒரு புறம், பிள்ளைகள் ஒரு புறம். ஆறு மட்டும் எவ்விதத் தடையுமின்றி இங்கிருந்து அங்கே பாய்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ நான்கு தசாப்தங்கள் வெளியார் எவரும் புகாதிருந்த துர்துக், 2010இல்தான் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் தாங் கிராமத்தின் விளிம்பில் நான் நின்றிருந்தேன். எதிரே மலையடியில் எல்லைக்கு அப்பாலுள்ள கிராமம் கண்ணுக்குத் தெரிந்தது. அருகிலிருந்த முதியவர் ஒருவர் அத்திசையைச் சுட்டி, தம் சகோதரி அப்பக்கம் வாழ்ந்ததாகவும், அவர் மவுத்தான செய்தி பல வாரங்கள் கழித்தே தமக்குக் கிட்டியதாகவும் உருதுவில் கூறினார். குரலில் அழுகை இல்லை. “ஜனாஸாவுக்குப் போக முடியவில்லை, மவ்லவி ஸாஹிப், துஆ செய்யுங்கள்” என்றார். நேர்வழியில் நடந்தால் அன்றே சேரக்கூடிய தொலைவு அது. ஆயினும் முறைப்படி செல்வதாயின் விசா பெற்று, தில்லி, அட்டாரி, லாகூர் என்று நாட்டையே சுற்றி ஸ்கர்து போய்ச் சேர வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் அந்த அட்டாரி வாயிலும் அடைக்கப்பட்டது.

விருந்தினரின் ஒழுக்கம்

அத்தகைய மக்களிடம் செல்லும் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? அவ்வூர் காட்சிப் பொருளன்று. குடும்பங்கள் வாழும் இல்லம். வயலில் வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படமெடுப்பது நம் வீட்டுப் பெண்களுக்கு நேர்ந்தால் நாம் பொறுப்போமா? விருந்தோம்பல் மூன்று நாட்கள் என்றும், வீட்டாருக்குப் பாரமாகும் அளவு விருந்தாளி தங்கலாகாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். மதிலுக்கு வெளியே தொங்கினாலும் பழம் பிறர் உடைமையே. வாய்க்கால் நீர் அவர்கள் குடிக்கும் நீர். அதில் சோப்பும் குப்பையும் சேர்ப்பது பாவமாகும்.

மற்றொன்றும் கூறவேண்டும். துர்துக்கில் நூர்பக்ஷிய்யா வழியினர் மிகுதி; கார்கிலில் ஷியாக்கள் மிகுதி; லேயில் பௌத்தர்கள் அண்டை வீட்டார். தொழுகை முறையில் நாம் பழகாத வேறுபாடுகளைக் காணலாம். நாம் அங்கே விவாதம் செய்யச் செல்லவில்லை. ஸலாமும் புன்னகையும் போதும்.

பயணியின் தொழுகை

பயணத்தில் தொழுகையைத் தவறவிடுவோர் நம்மில் உண்டு. மார்க்கம் எவ்வளவு எளிதாக்கியுள்ளது! நான்கு ரகஅத் ஃபர்ளுகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஓரிடத்தில் தங்கும் நாட்களின் கணக்கு மட்டும் மத்ஹபுக்கு ஏற்ப மாறும். ஹனஃபி மத்ஹபில் 15 நாட்கள் தங்க நிய்யத் செய்தால் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாட்கள் தங்குவதாயின் முழுமையாகத் தொழ வேண்டும். உரிய தோல் காலுறை அணிந்த பயணி மூன்று இரவு பகல்கள் அதன்மீது மஸ்ஹு செய்யலாம். சாதாரண நூல் காலுறை அதற்குப் போதாது. குளிருக்கு அஞ்சித் தயம்மும் செய்ய நினைப்போர், முன்னரே ஆலிமிடம் சட்டம் கேட்டுச் செல்லட்டும். கிப்லாவிலும் கவனம் தேவை. சென்னையில் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து நிற்கின்றோம். லடாக்கிலோ மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்து நிற்க வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்வதற்கு ஏற்ற காலம். எல்லைப் பகுதியாதலால் அனுமதி விதிகள் அவ்வப்போது மாறும். புறப்படுமுன் லே மாவட்ட நிர்வாகத்திடம் விசாரித்துக்கொள்வது நலம்.

நம் தெருவிலுள்ள எல்லை

தாங் கிராமத்து முதியவரின் சொல் என்னை ஏன் உறுத்திற்று என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். பாகப்பிரிவினை ஒன்றில் எழுந்த வார்த்தையால், என் பெரிய வாப்பாவின் மகனோடு நான் ஆறு ஆண்டுகள் பேசாதிருந்தேன். இருவர் வீட்டிற்கும் இடையே ஒரு தெரு. ஒரே பள்ளியில், சில வேளை ஒரே ஸஃப்பில் நின்று தொழுவோம். ஸலாம் கொடுத்து முகம் திருப்பும்போது அவர் முகம் தெரியும். வெளியே வந்தால் ஆளுக்கொரு வாசல். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்ற ஹதீஸை, அந்த ஆறு ஆண்டுகளிலும் நான் மிம்பரில் ஓதிக்கொண்டுதான் இருந்தேன்!

துர்துக் மக்களுக்கு உறவைக் காண ஆசை உண்டு, வழி இல்லை. நமக்கு வழி உண்டு, ஆசை இல்லை. அவர்களை அரசுகளின் கோடு பிரித்தது. நம்மை எது பிரித்தது? முக்கால் சென்ட் நிலம், கல்யாண வீட்டில் கேட்க மறந்த ஒரு வார்த்தை, பத்திரிகையில் விடுபட்ட ஒரு பெயர்! உறவு கொண்டாடுவோருடன் மட்டும் உறவு கொண்டாடுவது உறவைப் பேணுதல் ஆகாது என்றும், அறுத்துக்கொண்டவரையும் சேர்த்துக்கொள்பவரே உறவைப் பேணுபவர் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். மறுமையில் அந்த முதியவருக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கும். நமக்கு என்ன இருக்கும்?

ஊர் திரும்பிய மறுநாள், அஸருக்குப் பின் காக்காவின் வீட்டுக்குச் சென்றேன். கையில் துர்துக்கில் வாங்கிய உலர்ந்த ஆப்ரிகாட் பொட்டலம் ஒன்று. “உள்ளே வரலாமா, காக்கா?” என்றேன். “வாசல் எப்போ அடைச்சுக் கெடந்துச்சு, தம்பி?” என்றார். ஆறு ஆண்டுகள் கடக்க முடியாதிருந்த எல்லை அவ்வளவுதான்.

ஆகவே, வாசகர்களே! வசதியும் உடல்நலமும் உள்ளோர் அம்மலைகளுக்குச் செல்லுங்கள். ஆயினும், கர்துங் கணவாய்க்கு ஏறுமுன் கடக்க வேண்டிய ஒரு வாசல் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்ததும் அவ்வாசலுக்குச் சென்று ஸலாம் சொல்லுங்கள். பிரிந்துகிடக்கும் உறவுகள் யாவும் ஒன்றுசேர வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.