வாக்கில்லாதோருக்கு வேட்பாளர் உரைத்தது யாது?

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அமிர்தியில் காலைத் திருப்பலி முடிந்தபின், வேலூரை அடுத்த மேல்மொணவூருக்குச் சென்றிருந்தோம். நம் பங்கில் வாழ்க்கைப்பட்டுள்ள பெண்ணொருத்தியின் தந்தையார் அங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வசித்து வருகிறார். நோயுற்றிருந்த அப்பெரியவருக்கு நற்கருணை வழங்கி வருவதே நம் நோக்கம்.

1990ஆம் ஆண்டில் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர் அவர். கட்டிலருகே கைப்பேசி ஓயாது செய்தி கூறிக்கொண்டிருந்தது. இலங்கைக் குடியரசுத் தலைவர் தேர்தலின் வாக்குகள் அன்று எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. செபம் முடிந்ததும் அவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, “சுவாமி, எங்களுக்கு அங்கையும் வாக்கில்லை, இங்கையும் வாக்கில்லை. ஆனால் அங்கை வெல்லுறவர் சொல்லிலைதான் எங்கட போக்குவரத்து இருக்குது” என்றார்.

திரும்பும் வழியில், வண்டியோட்டி வந்த நம் பங்கு இளைஞர், தோல் ஆலையில் பணிபுரிபவர், “அந்த ஊர் எலெக்ஷனுக்கும் நமக்கும் என்ன சாமி சம்பந்தம்?” என்று வினவினார். அன்று நாம் முழுமையாக விடை கூறவில்லை. அவ்வேட்பாளர் பதவியேற்று ஓராண்டுக்கு மேல் கடந்துவிட்ட இந்நாளில், அவர் தேர்தலின்போது உரைத்தவற்றை எடுத்து வைத்து ஆராய்வது நமக்கும் நலம் பயக்கும் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

வேட்பாளர் யார்?

நம் நாட்டில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே வாக்களிக்கின்றனர். ஆகவே அப்பதவிக்குப் போட்டியிடுவோர் வரியைக் குறைப்பேன், வெளிநாட்டுக் கொள்கையை மாற்றுவேன் என்று ஊர் ஊராகச் சென்று உறுதி கூறும் வழக்கம் இங்கில்லை. இலங்கையிலோ 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, ஆட்சியதிகாரத்தின் பெரும்பகுதியைக் குடியரசுத் தலைவரிடமே ஒப்படைத்தது. 1982 முதல் மக்கள் அவரை நேரே தேர்ந்தெடுத்து வருகின்றனர். எனவே அங்கு வேட்பாளரின் கொள்கை, நாட்டின் விதியையே மாற்ற வல்லது.

21.9.2024 அன்று நடைபெற்றது ஒன்பதாவது தேர்தல். அதில் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் நின்றவர் அநுர குமார திசாநாயக்க. 1968இல் பிறந்தவர், தம்புத்தேகமவில் எளிய குடும்பத்தில் வளர்ந்தவர், 2000ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் புகுந்தவர். 2014 முதல் மக்கள் விடுதலை முன்னணியின் தலைவராக இருப்பவர். 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதக் கிளர்ச்சி நடத்திய கட்சி அது. 2019 தேர்தலில் அவர் பெற்றது நூற்றுக்கு மூன்று வாக்குகளே. ஐந்தாண்டுகளில் அது 42.31 விழுக்காடாக உயர்ந்தது. முதல் எண்ணிக்கையில் எவரும் பாதிக்கு மேல் பெறாமையால், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்டன. அவர் சஜித் பிரேமதாசவை வென்று 23.9.2024 அன்று பதவியேற்றார்.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் பசி என்றால் மிகையாகாது. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென அறிவித்தது. எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு சூலையில் கோத்தபய ராசபக்ச நாட்டைவிட்டே ஓடினார். பழைய கட்சிகள்மீது மக்கள் நம்பிக்கை இழந்த வேளையில், ஊழலை ஒழிப்பேன் என்று எழுந்த குரலுக்கு அவர்கள் செவிசாய்த்தனர்.

வயிற்றுப்பாடும் வரியும்

2024 ஆகஸ்டில், ‘வளமான நாடு, அழகான வாழ்க்கை’ என்னும் தலைப்பில் அவருடைய தேர்தல் அறிக்கை வெளியாயிற்று. பன்னாட்டு நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் செய்யப்பட்ட, ஏறத்தாழ 300 கோடி டாலர் பெறும் உடன்பாட்டை முறிப்பேன் என அவர் கூறவில்லை. ஏழைகளின் சுமை குறையுமாறு அதன் நிபந்தனைகளை மீண்டும் பேசித் திருத்துவேன் என்றார். உணவு, மருத்துவம், கல்வி ஆகியவற்றின் மீதுள்ள விற்பனை வரிச் சுமையை அகற்றுவதாகவும், வருமான வரி விலக்கின் எல்லையை மாதம் ஒரு இலட்சம் ரூபாயிலிருந்து இரண்டு இலட்சமாக உயர்த்துவதாகவும் உறுதியளித்தார். 2025 ஏப்ரலில் அவ்வெல்லை ஒன்றரை இலட்சமாயிற்று. பாதி வழி வந்தார் என்று கொள்ளலாம்.

முன்னாள் குடியரசுத் தலைவர்கள் அரசுச் செலவில் மாளிகைகளில் வாழும் வழக்கத்தை ஒழிப்பதாகக் கூறியது முழுமையாக நிறைவேறியது. 2025 செப்டம்பரில் அதற்கான சட்டம் நிறைவேறியதும், மகிந்த ராசபக்ச கொழும்பு மாளிகையிலிருந்து வெளியேறினார்.

அதிகாரமும் தமிழரும்

குடியரசுத் தலைவரின் நிறைவேற்று அதிகாரத்தையே ஒழித்து, நாடாளுமன்ற ஆட்சியை மீட்பேன் என்பது மற்றோர் உறுதி. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவேன் என்றும் கூறினார். 2015 முதல் 2019 வரை நடந்து பாதியில் நின்ற புதிய அரசியலமைப்புப் பணியை முடித்து, அதிகாரத்தைப் பகிர்வேன் என்றும், ஓராண்டுக்குள் மாகாண சபைத் தேர்தலை நடத்துவேன் என்றும் உரைத்தார்.

வடக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். பதவியேற்று ஓராண்டு நிறைந்த 2025 செப்டம்பரில், உள்ளாட்சித் தேர்தல் முடிந்திருந்தது. மாகாணத் தேர்தல் நடைபெறவில்லை. தடைச் சட்டமும் நீங்கவில்லை. தலைவர் பதவியின் அதிகாரமும் குறையவில்லை.

தமிழர் ஐயுறுவதற்குப் பழைய காரணமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்படிக்கையைக் கடுமையாக எதிர்த்தது இவருடைய கட்சி. இணைக்கப்பட்டிருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களை 2006இல் நீதிமன்றம் சென்று பிரித்ததும் அக்கட்சியே. அதனாற்றான் 2024 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் இவருக்கு நூற்றுக்கு எட்டு வாக்குகள்கூடக் கிட்டவில்லை. ஆயினும் அதே ஆண்டு நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அதே யாழ்ப்பாண மாவட்டம் ஆறு இடங்களில் மூன்றை இவருடைய அணிக்கே அளித்தது. நாடு முழுவதிலும் 225 இடங்களில் 159 கிடைத்தன. தமிழ் மக்கள் நம்பிக்கைக் கடன் கொடுத்துள்ளனர். கடனைத் திருப்பித் தருவது கடன் பெற்றவரின் பொறுப்பு.

இருவகை இறந்தோர்

இனிக் கூறப்போவது நம் உள்ளத்தைத் தொடுவது. 21.4.2019, உயிர்ப்புப் பெருவிழா. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து ஏறத்தாழ 270 பேர் மாண்டனர். முன்னெச்சரிக்கை கிடைத்தும் கடமை தவறியதற்காக, அன்றைய குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பின்னணியில் இருந்தோர் யாவர் என்னும் வினா எஞ்சி நின்றது. கர்தினால் மால்கம் ரஞ்சித் அவ்வினாவை ஓயாது எழுப்பி வந்தார்.

வேட்பாளராயிருந்த அநுர, உண்மையைக் கண்டறிந்து குற்றவாளிகளை நீதியின்முன் நிறுத்துவேன் என உறுதி கூறினார். பதவியேற்ற சில நாட்களிலேயே கட்டுவாப்பிட்டிய ஆலயம் சென்று அவ்வுறுதியைப் புதுப்பித்தார். 2025 ஏப்ரலில் விசாரணைக் குழுவின் அறிக்கையைக் குற்றப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தார். இவற்றை நாம் நன்றியுடன் ஏற்கிறோம்.

ஆனால் அன்பர்களே, அதே வேட்பாளர், 2009 மே மாதத்தில் முடிந்த போரில் இழைக்கப்பட்ட கொடுமைகளைப் பற்றிக் கேட்கப்பட்டபோது உரைத்தது என்ன? தேர்தலுக்குமுன் அயல்நாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு அளித்த செவ்வியில், உண்மையைக் கண்டறிய வேண்டும், ஆனால் எவரையும் தண்டிக்க முற்படமாட்டேன் எனும் கருத்தையே அவர் வெளியிட்டார். நீர்கொழும்பில் இறந்தோருக்குத் தண்டனையுடன் கூடிய நீதி. முள்ளிவாய்க்காலில் இறந்தோருக்கு உண்மை மட்டும். தராசு ஒன்றுதானா என்று கேட்காதிருக்க நம்மால் இயலவில்லை.

இக்கேள்வியை நாமே எழுப்ப வேண்டும். ஏனெனில் முதல் நீதியால் ஆறுதல் பெறுவோர் நம் சபையினர். நம்மவர்க்கு நீதி கிடைத்ததும் பிறரை மறந்துவிடுவோமாயின், நாம் வேண்டியது நீதியன்று; சலுகையே ஆகும். முள்ளிவாய்க்காலிலும் நம் கத்தோலிக்கர் இருந்தனர் என்பது உண்மையே. அவர்கள் இல்லாதிருந்தாலும் கேள்வி மாறாது.

இந்தியா, சீனம், கடல்

வெளிநாட்டுக் கொள்கையில்தான் இவ்வேட்பாளர் தம் கட்சியின் பழமையிலிருந்து மிகவும் விலகினார். முற்காலத்தில் அக்கட்சியின் உறுப்பினர்களுக்குக் கற்பிக்கப்பட்ட ஐந்து பாடங்களுள் ஒன்று ‘இந்திய விரிவாதிக்கம்’ என்பதாகும். அதே கட்சியின் தலைவர் 2024 பிப்ரவரியில் இந்திய அரசின் அழைப்பை ஏற்றுப் புதுதில்லி வந்தார். இலங்கையின் நிலமோ கடலோ வானோ இந்தியாவுக்கு எதிராகப் பயன்பட விடேன் என்றும், வல்லரசுகளின் போட்டியில் ஒரு பக்கம் சாயேன் என்றும் தேர்தலில் கூறினார். வென்றபின் முதலில் வந்தது 2024 டிசம்பரில் இந்தியாவுக்கு. அடுத்த மாதம் சென்றது சீனத்துக்கு. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பு சென்றபோது பாதுகாப்பு உடன்பாடும் கையெழுத்தாயிற்று.

மன்னாரில் அதானி நிறுவனம் அமைக்கவிருந்த காற்றாலைத் திட்டத்தை நீக்குவேன் என்றும் தேர்தலின்போது கூறினார். பின்னர் விலை குறித்து மறுபேச்சு எழ, 2025 பிப்ரவரியில் அந்நிறுவனமே விலகிக்கொண்டது.

மீனவர் சிக்கல் இன்னும் தீராதது. இராமேசுவரம் படகுகள் கடலடியை வாரும் இழுவை மடியைப் பயன்படுத்துவதால் தம் வாழ்வு அழிகிறதென வடபுலத்துத் தமிழ் மீனவர் முறையிடுகின்றனர். அம்முறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. நம் மீனவரோ கைதாகிச் சிறை செல்கின்றனர், படகுகளை இழக்கின்றனர். இருபுறத்தாரும் தமிழர்; பலர் நம் சபையினர்; ஆண்டுதோறும் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவில் ஒன்றாக முழந்தாளிடுவோர். 2025 செப்டம்பர் முதல் நாளில் அநுர அத்தீவுக்கே சென்று, அதனை எச்செல்வாக்குக்கும் விட்டுக்கொடோம் என்றார். தீவு எவருடையது என்னும் பேச்சு, வலை எவ்வாறு வீசப்பட வேண்டும் என்னும் பேச்சை மூடிவிடலாகாது என்பதே நம் கவலை.

முகாமில் இருப்போர்

இறுதியாக, மேல்மொணவூர்ப் பெரியவரிடம் வருவோம். 1983 சூலைக் கலவரத்துக்குப்பின் தமிழகம் வந்தோரில், 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி 58,000க்கு மேற்பட்டோர் 108 முகாம்களில் வாழ்ந்தனர். 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயரை மாற்றியது. மேல்மொணவூரிலிருந்தே புதிய வீடுகளுக்கான திட்டத்தைத் தொடங்கி, 2023இல் வீடுகளைத் திறந்தது. தகரக் கூரை போய்த் தளம் வந்தது. ஆயினும் 2019ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளும் அயலாராகவே வளர்கின்றனர்.

அங்கே திரும்பலாமே எனின், 2025 மே மாதம் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்தின் துணையோடு தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர், முன்னொரு காலத்தில் உரிய அனுமதியின்றி நாட்டைவிட்டுச் சென்றார் எனக் காரணங்காட்டிப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். குண்டுக்குத் தப்பிப் படகேறியவர் எந்த அதிகாரியிடம் அனுமதி பெறுவார்? கண்டனம் எழவே அவர் விடுவிக்கப்பட்டார். விதியைத் திருத்துவதாக அரசும் கூறிற்று. அச்செய்தி வந்த வாரத்தில், ஊர் திரும்ப எண்ணியிருந்த நம் பெரியவர், எடுத்து வைத்திருந்த பழைய பத்திரங்களை மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிட்டார் என்று அவருடைய மகள் நம்மிடம் கூறினாள்.

நாம் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல்

அநுர குமார திசாநாயக்க தீயவர் என்பதோ, தூயவர் என்பதோ நம் முடிபன்று. அவர் கூறியவற்றுள் சில நிறைவேறின. சில பாதி வழியில் நிற்கின்றன. சில தொடங்கப்படவே இல்லை. வாக்காளர் பெரும்பான்மையோர் விரும்பியவை விரைந்து நடந்தன. சிறுபான்மையோர் வேண்டியவை தாமதமாயின. இறந்தோர், அகதிகள் போன்ற வாக்கே இல்லாதோரின் காரியங்கள் கண்டனம் எழுந்தால் அசைகின்றன, இன்றேல் கிடக்கின்றன. இது இலங்கைக்கு மட்டும் உரிய குறையன்று.

நம் இளைஞரின் வினாவுக்கு இதுவே விடை. நாளை நம் ஊரிலும் வேட்பாளர் வருவர். மாலையும் மேளமும் வரும். எனக்கு என்ன தருவாய் என்று கேட்பது நம் உரிமை. அத்துடன் நில்லாது, முகாமில் இருப்பவனுக்கு என்ன செய்வாய், மலைமேல் இருப்பவனுக்கு என்ன செய்வாய், வாக்களிக்க இயலாமல் வெளியூரில் கூலிக்குச் சென்றவனுக்கு என்ன செய்வாய் என்றும் கேளுங்கள். விடையை ஒரு தாளில் நாளிட்டுக் குறித்து வையுங்கள். ஓராண்டு கழித்து அத்தாளை எடுத்துப் பாருங்கள்.

கடந்த மாதம் மீண்டும் மேல்மொணவூர் சென்றோம். பெரியவர் இப்போது எழுந்து நடமாடுகிறார். பெட்டி கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. பூட்டவில்லை.