மில் சத்தம் சங்கீதமாகுமா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

மலருக்குக் கட்டுரை கேட்டதும் நம்மில் பலர் ரோபோ, செயற்கை நுண்ணறிவு, கேம்பஸ் இன்டர்வியூ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது பாட்டு. சினிமாப் பாட்டு இல்லை. ஆஸிலேட்டரிலும், இரும்புத் தகட்டிலும், பஞ்சாலையிலும் பிறக்கிற பாட்டு. 'இதெல்லாம் ஒரு பாட்டா?' என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வேடசந்தூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது மில்களிலிருந்து 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் வரும், கவனித்திருப்பீர்கள். ரிங் பிரேமில் ஒரு ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 300 சுற்று. அதாவது 300 ஹெர்ட்ஸ். கீபோர்டின் நடுவில் 'சி' கட்டைக்கு அடுத்த வெள்ளைக் கட்டை 'டி'. அதன் அதிர்வெண் 293.7 ஹெர்ட்ஸ். ஆக, ஸ்பிண்டிலின் சுற்றும் அந்தக் கட்டையின் சுருதியும் ஏறக்குறைய ஒன்று! பக்கத்துப் பிரேம் கொஞ்சம் வேகம் குறைத்து ஓடினால் இரண்டு சுருதியும் மோதி, ரீங்காரம் அலை அலையாக ஏறி இறங்கும். நாம் ஃபிசிக்ஸில் படித்த 'பீட்ஸ்' இதுதான்.

தறிக்கு வருவோம். சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு 120, 150 என்று அடிக்கும். ஐரோப்பாவில் இளைஞர்கள் விடிய விடிய ஆடுகிற 'டெக்னோ' இசையின் தாளமும் பெரும்பாலும் அதே 120-லிருந்து 150 தான். அந்த டெக்னோ பிறந்த ஊர் அமெரிக்காவின் டெட்ராய்ட், கார் தொழிற்சாலைகளின் ஊர்.

சத்தத்தையே இசையாக்கலாம் என்ற எண்ணம் பழசு. இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913-இல் இதை அறிக்கையாகவே எழுதி, சத்தம் எழுப்பும் பெட்டிகளையும் செய்தார். 1948-இல் பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் ஓசைகளைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி ஓர் இசைத் துண்டு செய்தார். ஆனால் 'இண்டஸ்ட்ரியல் மியூசிக்' என்ற பெயர் நிலைத்தது 1976-இல்தான். லண்டனில் 'த்ராபிங் கிரிஸ்ல்' என்ற நால்வர் குழு, எந்தக் கம்பெனியையும் நம்பாமல் 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்தமாக ஒரு லேபிள் தொடங்கியது. 1977-இல் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டு முதலில் அச்சானது சில நூறு பிரதிகள்தான்.

நமக்கு முக்கியமான ஆள் அந்த நால்வரில் ஒருவரான கிரிஸ் கார்ட்டர். கையில் சால்டரிங் அயர்ன் பிடித்தவர்! ராய் க்வின் என்பவர் 1975-இல் 'பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையில் கிட்டாருக்கென்று ஓர் எஃபெக்ட் சர்க்யூட் வெளியிட்டிருந்தார். அதை எடுத்து, மாற்றிக் கட்டி, குழுவுக்குத் தந்தார் கார்ட்டர். 'கிரிஸ்லைசர்' என்று பெயர் பெற்ற அந்தப் பெட்டிதான் அவர்களின் தனி ஓசைக்கு ஒரு காரணம். பத்திரிகையில் வந்த ஒரு சர்க்யூட் டயகிராம் இசை வரலாற்றில் ஏறிவிட்டது. நம் லேபில் எத்தனை டயகிராம் ரெக்கார்டு நோட்டோடு முடிந்துபோகிறது!

அடுத்து பெர்லின். 1980-இல் 'ஐன்ஸ்டூர்ட்சென்டே நொய்பாவ்டென்' என்று ஒரு குழு. வாயில் நுழையாத பெயர். 'இடிந்து விழும் புதுக் கட்டிடங்கள்' என்று அர்த்தமாம். டிரம் செட்டுக்குப் பதில் பழைய இரும்பு, தகரம், டிரில் மெஷின்.

இதை ஒருநாள் என் அம்மாவுக்கு போனில் போட்டுக் காட்டினேன். அம்மா பதினான்கு வருஷமாக மில் வேலை, ரிங் பிரேமில் சைடு பார்க்கிறது. இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு அம்மா சொன்னது: "இதுக்குக் காசு வேற குடுக்குறாய்ங்களா? எங்க மில்லுக்கு வரச் சொல்லுடா, ஓசியிலயே கேட்டுக்கிடலாம்."

சிரித்துவிட்டேன். பிறகு போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு அதிர்வெண்ணாக வைத்துப் பார்த்தோம். 500-இல் கேட்டது, 1000-இல் கேட்டது, 2000-இல் கேட்டது. 4000 ஹெர்ட்ஸ் வைத்தபோது எனக்குக் காது கூசியது. அம்மா, "போட்டுட்டியா?" என்று கேட்டது. இது ஆஸ்பத்திரி டெஸ்ட் இல்லை, போன் ஸ்பீக்கர்தான். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரும் சத்தத்தில் பல வருஷம் இருப்பவர்களுக்குக் காது முதலில் பழுதாவது இந்த 4000-ஐ ஒட்டிய பகுதியில்தான். 'ஸ', 'ச' போன்ற ஓசைகளின் சக்தி உயர் அதிர்வெண்ணில்தான் இருக்கிறது. அதனால் பேசுவது கேட்கும், என்ன பேசினோம் என்பது பிடிபடாது. வீட்டில் "பஸ்ஸு போயிருச்சா?" என்றால் வேறு எதற்கோ பதில் வருவதன் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது. நாங்கள் எல்லோரும் 'கவனிக்கிறதே இல்லை' என்று அம்மாவைக் கேலி செய்துகொண்டிருந்தோம்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் நெடுங்காலமாக இருக்கும் அளவு இது: 90 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம், 95-இல் 4 மணி நேரம், 100-இல் 2 மணி நேரம். ஐந்து ஐந்தாக ஏற ஏற நேரம் பாதியாகக் குறையும். தறிக்கூடத்தில் சத்தம் 95-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். பெண்கள் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார்கள். வெறும் பஞ்சு அவ்வளவாகத் தடுக்காது. நுரைக் காதடைப்பான்தான் சரி. அதைச் சுருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே வைத்து, விரியும்வரை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். "சூப்பர்வைசர் கூப்பிட்டா கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே வைத்துக்கொள்கிறது.

அதனால் இந்த இசையை நான் கேட்கிற விதமே மாறிவிட்டது. மேடையில் தகரம் தட்டுகிறவர் நிகழ்ச்சி முடிந்ததும் நிறுத்திவிடலாம். ஷிப்ட்டில் இருப்பவர் நிறுத்த முடியாது. இந்த வித்தியாசம் புரிந்த ஒரு குழு இருந்தது: லண்டனின் 'டெஸ்ட் டிபார்ட்மென்ட்'. இவர்களும் பழைய இரும்பை அடித்தவர்கள்தான். 1984-85-இல் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் பாடகர் குழுவோடு சேர்ந்து, அவர்கள் போராட்டத்துக்கு ஆதரவாக 'ஷோல்டர் டு ஷோல்டர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். நொய்பாவ்டென் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம். என் ஓட்டு டெஸ்ட் டிபார்ட்மென்ட்டுக்குத்தான்.

சரி, எல்லாம் வெள்ளைக்காரர்கள் கதையா? இல்லை. இனிதான் சுவாரஸ்யம்.

1969-இல் அகமதாபாத், தேசிய வடிவமைப்பு நிறுவனம். அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அங்கே வந்து ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். ராபர்ட் மூக் என்ற பொறியாளர் வடிவமைத்த கருவி அது. அலமாரி மாதிரி இருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போல பேட்ச் கார்டு குத்தி இணைக்க வேண்டும்.

அதன் சூட்சுமம் நம் துறைக்காரர்களுக்கு ஐந்து நிமிஷத்தில் புரியும். ஆஸிலேட்டரின் அதிர்வெண்ணை வோல்டேஜால் கட்டுப்படுத்துவது. ஒரு வோல்ட் கூடினால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். அடுத்தது ஃபில்டர்: ஓசையின் மேல் அதிர்வெண்களை வெட்டி அதன் நிறத்தை மாற்றுவது. அதற்கடுத்து ஆம்ப்ளிஃபயர்: ஓசை எவ்வளவு வேகமாக எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. இந்த மூன்றுக்கும் கட்டளை வோல்டேஜில்தான் போகிறது. ஆகவே ஒன்றின் வெளியீட்டை எடுத்து இன்னொன்றுக்குக் கட்டளையாகக் கொடுக்கலாம். ஒரு மெதுவான ஆஸிலேட்டரை இன்னொரு ஆஸிலேட்டரின் கட்டுப்பாட்டு முனையில் குத்தினால் சுருதி தானாக அசையும், கமகம் போல!

கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசை செய்தார்கள். ஜோஷிபுரா அப்போது கட்டிடக்கலை மாணவர். நம்மைப் போல ஒரு மாணவர், விண்வெளிப் பயணத்தைக் கற்பனை செய்து 'ஸ்பேஸ் லைனர் 2001' என்று பெயர் வைத்தார். சர்மா 'டான்ஸ் மியூசிக்' என்ற பெயரில் செய்தவற்றைக் கேட்டால், பல வருஷம் கழித்து வந்த டெக்னோவுக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. 1972-க்குப் பிறகு டேப்புகள் ஆவணக் காப்பகத்தில் தூங்கின. லண்டனைச் சேர்ந்த பால் பர்காஸ் என்ற இசைக் கலைஞர் அவற்றைத் தேடிக் கண்டெடுத்து, பிபிசி வானொலியில் 2020-இல் நிகழ்ச்சி செய்தார். 2023-இல் 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்று இசைத்தட்டாகவே வந்துவிட்டது. வெளியிட்டது லண்டனின் தனி லேபிள் ஒன்று. ஐம்பது வருஷம் பழைய இசை, புது ரிலீஸ்!

சரண்ஜித் சிங் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பம்பாயில் இந்திப் படங்களுக்குக் கிட்டார் வாசித்தவர். 1982-இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனிக் கருவிகள் மூன்றை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். பூபாலி (நம் மோகனம்), மால்கௌன்ஸ் (நம் ஹிந்தோளம்) எல்லாம் அதில் உண்டு. கருவிகளில் ஒன்று டிபி-303. பேஸ் கிட்டார்காரர் இல்லாத குறையைத் தீர்க்கச் செய்யப்பட்ட பெட்டி அது. யாரும் சரியாக வாங்காததால் 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். சிங்கின் தட்டும் விற்கவில்லை. 1987-இல் சிகாகோ இளைஞர்கள் அதே 303-இன் ஃபில்டரைத் திருகித் திருகி ஒரு பாட்டு வெளியிட்டார்கள். 'ஆசிட் ஹவுஸ்' என்ற புது வகையே அதிலிருந்து பிறந்தது. சிகாகோக்காரர்கள் சிங்கைக் கேட்டதாக ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் ஐந்து வருஷம் முன்பே அதே கருவி இங்கே அதே மாதிரி வளைந்து பேசியிருக்கிறது. 2010-இல் 'பாம்பே கனெக்‌ஷன்' என்ற சிறு லேபிள் மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. வயதான காலத்தில் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டு, 2015-இல் மறைந்தார்.

தமிழர்கள்? எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் இருக்கிறார். லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் யாழ்ப்பாணம் வந்து, போரால் 1986-இல் திரும்ப லண்டன் போய்ச் சேர்ந்தவர். ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒரே ஒரு பெட்டியை, அதுவும் இரவல் வாங்கி, பாட்டுக் கட்ட ஆரம்பித்தார். 2003-இல் 'கலாங்' என்ற முதல் பாட்டை ஒரு சின்ன லேபிள் 500 பிரதி அச்சடித்தது. 2005-இல் 'அருளர்', 2007-இல் 'கலா': அப்பா பெயரில் ஒன்று, அம்மா பெயரில் ஒன்று. 'கலா'வுக்காகச் சென்னைக்கு வந்து, நம் உறுமியைப் பதிவு செய்துகொண்டு போனார். நம் ஊர்க் கோயில் கொடையில் கேட்கிற அதே உறுமி! அது எலக்ட்ரானிக் தாளத்தோடு உறுமுவதைக் கேட்டால், எந்திர ஓசைக்கும் தோல் கருவிக்கும் இடையே பெரிய சுவர் ஒன்றும் இல்லை என்று தோன்றும்.

இன்று லேபிளுக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. 'பேண்ட்கேம்ப்' 2008-இல் தொடங்கியது. இசையை நீங்களே விலை வைத்து விற்கலாம், டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் பங்கு 15 சதவீதம். ஆடாசிட்டி, ப்யூர் டேட்டா இரண்டும் இலவச சாஃப்ட்வேர். நம் கம்ப்யூட்டர் சென்டர் மெஷினிலேயே ஓடும். மைக் இல்லையா? பஸ்ஸருக்குள் இருக்கும் பித்தளை பீசோ வட்டு இருபது ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டு வயர் பற்றவைத்து இரும்பில் ஒட்டினால், காற்றில் வராத அதிர்வையும் பிடிக்கும். நாகல் நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறையில் அரம் தேய்க்கிற ஓசையை இப்படிப் பிடித்துப் பாருங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் ஓசைக்கு இன்னும் யாரும் எதுவும் செய்யவில்லை.

கடைசியாக, கையால் செய்து பார்க்க ஒரு சர்க்யூட். இரண்டு 555 ஐ.சி., 9 வோல்ட் பேட்டரி. இரண்டையும் வழக்கமான அஸ்டேபிள் முறையில் கட்டுங்கள். சூத்திரம் தெரிந்ததுதான்: 1.44-ஐ (ஆர்1 + 2 ஆர்2) × சி-யால் வகுக்க வேண்டும். முதல் ஐ.சி.க்கு 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் 686 ஹெர்ட்ஸ், இது சுருதி. இரண்டாவதுக்கு 1 கிலோ ஓம், 33 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட், விநாடிக்கு 2.15, அதாவது நிமிடத்துக்கு 129 அடி. விசைத்தறியும் டெக்னோவும் சந்திக்கிற இடம்! இரண்டாவதின் மூன்றாம் முனையை முதலாவதின் நான்காம் முனையில் (ரீசெட்) கொடுத்தால் சுருதி தாளத்தோடு விட்டு விட்டு ஒலிக்கும். முதலாவதின் 10 கிலோ ஓமுக்குப் பதில் ஓர் எல்.டி.ஆர். வைத்துக் கையை மேலே ஆட்டினால் சுருதி வளையும். வெளியீட்டில் 100 ஓம், 100 மைக்ரோஃபாரட் வரிசையாக வைத்து 8 ஓம் ஸ்பீக்கர். எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடியும். ஹெட்போனில் மட்டும் நேரடியாக மாட்டாதீர்கள். காரணம் மேலே சொல்லிவிட்டேன். ஹாஸ்டல் நண்பர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் சோதிக்க வேண்டாம். வார்டனுக்கு இன்னும் காது நன்றாகக் கேட்கிறது.